கால் ஆணி என்று நினைத்தது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் செதிலும் டீசல் படலமும் சேர்ந்து வழுக்கும். சின்ன வயதிலிருந்து அப்படி நடந்து பழகியதால் எனக்கு அங்கே முகங்களைவிடக் கால்கள்தான் அதிகம் நினைவில் நிற்கின்றன. பாளம் பாளமாக வெடித்த குதிகால், நகம் கறுத்த பெருவிரல், கூடை சுமந்து சுமந்து அகன்றுபோன பாதம். ரப்பர் செருப்பு போட்ட கால், செருப்பே அறியாத கால்.

தோல் புற்றுநோயைப் பற்றிய அத்தியாயம் காலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பாவுக்கு அது காலில்தான் தொடங்கியது.

அவர் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்தில் வீடு. வேலையிலிருந்து நின்ற பிறகு ஒருநாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, வலது குதிகாலின் அடியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பைப் பெரியம்மா பார்த்தார். "இன்னாது இது, தார் ஒட்டிகினு இருக்குது?" என்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. "ஆணி. இத்தினி வருசம் மூட்டை தூக்கின காலுக்கு ஆணி வராம பூவா பூக்கும்?" என்றார் பெரியப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு நடந்தது எந்த வீட்டிலும் நடப்பதுதான். மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினார். ஊறி வெளுத்த தோலை ஷேவிங் பிளேடால் செதுக்கினார். ஒரு கிளினிக்கில் ஆசிட் வைத்துச் சுட்டார்கள். புண்ணாகி, ஆறி, மறுபடியும் கறுத்தது. இப்படி ஒன்றரை வருடம். மிளகு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஆனது. ஒருநாள் செருப்பில் ரத்தம். அடுத்த மாதம் தொடை இடுக்கில் நெறி கட்டியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து எழுதிக் கொடுத்த தாளில் எங்கள் தெருவில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சொல் இருந்தது: மெலனோமா. அடுத்த பொங்கலுக்குப் பெரியப்பா இல்லை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருக்கும் ஓர் எண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில், மிளகு அளவில் இருந்தபோதே அதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்ற கேள்வி. முடியும். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மேல்தோலின் அடிவரிசையில் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும் செல்களுக்கு நடுவே, ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வேறொரு வகைச் செல் உட்கார்ந்திருக்கிறது. பெயர் மெலனோசைட். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். இவை தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும் மெலனின் பொட்டலங்களின் அளவும் பருமனும்தான் வேறு. வாங்கிக்கொண்ட செல், அந்தப் பொட்டலங்களைத் தன் உட்கருவுக்கு மேலே குடைபோலக் கவித்துக்கொள்கிறது. குடைக்குக் கீழே டி.என்.ஏ. பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு பத்திரம் என்பதை 1979-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். வெள்ளைத் தோலின் மேல்தோல் வழியாக 24 சதவீதம் புற ஊதா-பி கதிர் உள்ளே போனது. கறுப்புத் தோலில் அது 7.4 சதவீதம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவரைச் சித்திரை வெயிலிலிருந்து காப்பாற்றுவது அந்தக் குடைதான். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 30 பேருக்கு மேல் மெலனோமா வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே 'நம்ம தோலுக்குக் கேன்சர் வராது' என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நோயாளிக்கு மட்டும் இல்லை, வைத்தியம் பார்ப்பவருக்கும். நாளுக்கு நூறு கால் ஆணி பார்க்கும் கண்ணுக்கு, பத்து வருடத்தில் ஒருமுறை வருகிற மெலனோமாவும் கால் ஆணியாகத்தான் தெரியும்.

ஆனால் உள்ளங்காலுக்குக் குடையால் பயனில்லை, ஏனென்றால் அங்கே ஆபத்து வெயிலிலிருந்து வருவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவை 1976-இல் ரிச்சர்டு ரீட் என்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர் தனி வகையாகப் பிரித்தார். ஏக்ரல் மெலனோமா என்று இன்று அழைக்கிறோம். இதன் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தால் வெயில் விட்டுச்செல்லும் தழும்புகள் மிகக் குறைவு. பதிலாகக் குரோமோசோம்கள் உடைந்து, தாறுமாறாக ஒட்டி, சில பகுதிகள் பல மடங்காகப் பெருகிக் கிடக்கின்றன. எதனால் என்பதற்கு ஒரு தடயம் ஜப்பானிலிருந்து கிடைத்தது. உள்ளங்கால் மெலனோமாக்கள் எந்தெந்த இடத்தில் வந்தன என்று மருத்துவர்கள் பாதத்தின் படத்தில் குறித்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். புள்ளிகள் குதிகாலிலும் முன்பாதத்திலும் மொய்த்திருந்தன. உடம்பின் பாரத்தைத் தாங்காத உள்வளைவு பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. பாரம் விழும் இடம். பெரியப்பா தன் பாரத்தோடு ஊரார் பாரத்தையும் அங்கேதான் தாங்கினார். இது காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த நாள் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பாடகர் பாப் மார்லிக்கும் இதுதான். 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததைப் பந்து விளையாடியபோது பட்ட அடி என்று நினைத்திருந்தார்கள். 1981 மே மாதம், 36 வயதில் அவர் இறந்தார். கறுத்த தோல், அடிபட்ட விரல், நம்பத்தகுந்த ஒரு காரணம். பெரியப்பா கதையின் எலும்புக்கூடு அங்கேயும் அப்படியே இருக்கிறது.

இப்போது உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தால் மேடுகள் கறுப்பாகப் பதிகின்றன, பள்ளங்கள் வெள்ளையாக நிற்கின்றன. உள்ளங்காலிலும் இதே மேடு பள்ளம்தான், இணை இணையான கோடுகளாக. சாதாரண மச்சம் உள்ளங்காலில் வந்தால் அதன் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும், மெல்லிய பேனாவால் வாய்க்கால் கீறியதுபோல். மெலனோமா தொடங்கும்போது நிறம் மேட்டில் ஏறுகிறது. மேட்டின் அடியில்தான் வியர்வைச் சுரப்பியின் குழாய் மேலே வருகிறது. அந்தப் பகுதியில்தான் கெட்டுப்போன மெலனோசைட்டுகள் முதலில் பெருகுகின்றன. மழைத்தண்ணீர் பள்ளத்தில் தேங்கினால் இயல்பு. மேட்டில் நின்றால் எங்கோ கோளாறு. அவ்வளவுதான் விதி.

இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர் ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோஷியாகி சைதா. 2004-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், மேட்டில் நிறம் ஓடும் அமைப்பு 86 சதவீத மெலனோமாக்களில் இருந்தது. மெலனோமா அல்லாத மச்சங்களில் 99 சதவீதத்தில் அது இல்லை. தோல் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசும் அறிகுறிகள் குறைவு. அதைவிட முக்கியம், கட்டி தடிக்கும் முன்பே, வெறும் கறையாக இருக்கும்போதே இது தெரிந்துவிடும்.

வெறுங்கண்ணுக்கு இது எட்டாது. டெர்மோஸ்கோப் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ், சுற்றிலும் விளக்கு. செல்போன் கேமராவில் மாட்டிக்கொள்ளும் வகையும் வந்துவிட்டது. அதன் சூட்சுமம் பெரிதாக்குவதில் இல்லை, பளபளப்பை அடக்குவதில் இருக்கிறது. வெயில் பட்டுத் தகதகக்கும் தண்ணீரில் அடியில் கிடப்பது தெரியாது. கண்ணாடி அடித்தட்டு வைத்த பெட்டியை நீர்மேல் வைத்து அதன் வழியே பார்த்தால் மணலும் நண்டும் தெரியும். தோலின் மேல்படலம் ஒளியைத் திருப்பி அடிப்பதைத் துளி எண்ணெயோ ஜெல்லோ வைத்து நிறுத்திவிட்டால் உள்ளே பார்வை போகிறது. மெலனின் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதை அதன் நிறமே சொல்லிவிடும். மேலாக இருந்தால் கறுப்பு, மேல்தோலின் அடியில் பழுப்பு, உள்தோலுக்கு இறங்கினால் சாம்பல், இன்னும் ஆழத்தில் நீலம். ஆழக்கடல் நீலமாகத் தெரிவதுபோல இதுவும் ஒளி சிதறும் வித்தைதான். ஒரு கறுப்புப் புள்ளிக்குள் நீலச்சாம்பல் திரை தெரிந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

இந்தக் கருவி முகத்தில் வரும் மருக்களிலும் பயன்படுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் நெற்றியிலும் கன்னத்திலும் மெழுகைச் சொட்டி ஒட்டவைத்ததுபோல் பழுப்பாகவோ கறுப்பாகவோ வரும் தடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். செபோரிக் கெரட்டோசிஸ் என்று பெயர். தீங்கில்லாதது. மூக்கோரத்தில் அதே கறுப்போடு வரும் இன்னொன்று உண்டு: பேசல் செல் கார்சினோமா. வெள்ளைத் தோலில் இது இளஞ்சிவப்பாக, முத்துப்போல் மினுங்கிக்கொண்டு வரும் என்றுதான் பாடப்புத்தகங்கள் எழுதின. நம் தோலில் இது மிகப் பெரும்பாலும் மெலனினை வாரிப் பூசிக்கொண்டு கறுப்பாக வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மரு, அல்லது அம்மா வழியில் வந்த மச்சம். லென்ஸ் வைத்தால் வேடம் கலையும். மருவில் பச்சரிசிக் குருணைபோல் வெள்ளைப் புள்ளிகளும், ஊசி குத்தியதுபோல் அடைபட்ட குழிகளும் இருக்கும். புற்றில் நீலச்சாம்பல் நிறத்தில் முட்டை வடிவத் திட்டுகள், ஓரத்தில் இலை விரிந்ததுபோல் பழுப்புத் தீற்றல்கள், மரக்கிளைபோல் பிரியும் ரத்தக் குழாய்கள். இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்தை அரிக்கும். மூக்கையும் இமையையும் தின்றுவிட்டு எலும்பைத் தொடும். 'கொறிக்கும் புண்' என்று பொருள்படும் ஒரு பெயர் ஆங்கில மருத்துவத்தில் அதற்கு வெகுகாலம் இருந்தது.

மூன்றாவது வேடம் படை. இடுப்பிலோ காலிலோ செதில் செதிலாக ஒரே ஒரு சிவந்த வட்டம். படர்தாமரை என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் போட்டால் அரிப்பு அடங்கும், வட்டம் அடங்காது. ஒற்றைப் படை மாதக்கணக்கில் அசையாமல் நின்று மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனால் அது 1912-இல் பாஸ்டன் மருத்துவர் ஜான் போவன் விவரித்த நோயாக இருக்கலாம். மேல்தோலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் புற்று. அந்தக் கட்டத்தில் எடுத்துவிட்டால் அத்தோடு தீர்ந்தது. எல்லைச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே இறங்கினால் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. இந்தியர்களுக்கு வரும் தோல் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான்.

இது நம் உடம்பில் வெயில் படும் இடங்களைத் தேடி வருவதைவிட, பழைய காயம் இருக்கும் இடங்களைத் தேடி வருகிறது. தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத கால் புண், நாடா அழுத்தும் இடுப்பு. மும்பை மருத்துவர் வி.ஆர். கானோல்கர், 1945-இல் நம் பழக்கவழக்கங்களோடு சேர்ந்து வரும் புற்றுகளைப் பற்றி எழுதியபோது, வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வருவதையும் சேர்த்தார். அதற்கும் முன்பே, 1866-இல், காஷ்மீரில் இருந்த எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் குளிருக்காக ஆடைக்குள் கணப்புச் சட்டி வைத்துக்கொள்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றை எழுதிவைத்தார். சேலை கட்டும் பெண்களின் இடுப்பிலும் இது வருகிறது. பாவாடை நாடா தினமும் உரசும் இடத்தில் முதலில் கருமை, பிறகு தடிப்பு, பிறகு செதில். அதுவரை தீங்கில்லை. அந்தத் தடத்தில் விளிம்பு தடித்து வெளியே மடிந்த புண் ஒன்று வந்து, ஆறாமல் நின்றால் கதை வேறு. வடசென்னையில் பாய்லர் வெடித்தும் ஸ்டவ் வெடித்தும் வெந்துபோன உடம்புகள் நிறைய. தீக்காயத் தழும்பில் புற்று வர முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தழும்பு உடம்போடு உடம்பாகிவிடுகிறது. அதில் ஒரு புண் வந்தால் 'பழைய காயம் கிளறிக்கிச்சு' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

தொழிலும் தோலும் சந்திக்கும் இடம் என்றால் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தைத் தாண்டி வேறு எங்கே போவது? ஆனால் அந்தக் கதை லண்டனில் தொடங்குகிறது. 1775-இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலும் ஒரு புற்றும் முதன்முதலாகக் கோக்கப்பட்டது அப்போதுதான். அவர் எழுதியதில் என்னை அதிகம் தொட்ட விஷயம் வேறு. அந்தத் தொழிலாளிகள் அதைக் கரி மரு என்றே அழைத்தார்கள். வைத்தியர்கள் அதைப் பாலியல் நோய் என்று நினைத்துப் பாதரசம் கொடுத்தார்கள். தொழில் புற்றுநோயின் வரலாற்றில் முதல் பக்கமே மரு என்ற தவறான பெயரோடுதான் தொடங்குகிறது.

அடுத்து 1915. டோக்கியோவில் யாமாகிவா, இச்சிகாவா என்ற இரு ஆய்வாளர்கள் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் விடாமல் பூசிக்கொண்டே இருந்தார்கள். முதலில் மருக்கள் முளைத்தன. அவற்றில் சில புற்றாயின. தீங்கற்ற வளர்ச்சிக்கும் புற்றுக்கும் இடையில் இருக்கும் அந்த வழுக்குப் பாதையை மனிதன் தன் கையால் உண்டாக்கிப் பார்த்தது அதுவே முதல் தடவை. லண்டனில் கென்னவே என்ற ஆய்வாளரின் குழு இரண்டு டன் கீலை வடித்து வடித்து, 1933 வாக்கில் குற்றவாளியைப் பிடித்தது: பென்சோ பைரீன். லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் நனைந்த தொழிலாளர்களுக்கும் இதே புற்று வந்ததை 1920-களில் கண்டார்கள். சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய், கரி, நிலக்கரித் தார், வெயில் ஆகிய நான்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வரிசைக் காரணிகளில் வைத்திருக்கிறது.

2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்தபோது, மீனவர்கள் படகில் நின்று கையாலேயே வழித்தார்கள். படகும் வலையும் அலையாத்தி மரங்களும் ஒரே கறுப்பாக இருந்தன. சில நாள் தொட்டதற்கு அரிப்பும் கொப்புளமும் வரும். அந்தச் சில நாட்களே புற்றைக் கொண்டுவரும் என்று பயமுறுத்த நான் தயாரில்லை. புற்றுக்கு வருடங்கள் வேண்டும். ஆனால் லேத் பட்டறையில் முப்பது வருடம் எண்ணெயில் முழங்கை வரை நனைந்தவர் கையில் மரு என்று வந்து உட்காரும்போது, எதிரே இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்பது. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எல்லா மருத்துவர்களையும் கேட்கச் சொன்ன கேள்வி அது. இன்றும் ஓ.பி. சீட்டில் அதற்கு ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது.

மரு வந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? குதிரை வால் முடியை வேரில் இறுக்கிக் கட்டுகிறோம். சுண்ணாம்பு வைத்துச் சுடுகிறோம். அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலை வைக்கிறோம். இதில் எதையும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. அம்மான் பச்சரிசியின் பங்காளிச் செடி ஒன்று ஆஸ்திரேலியாவில் களையாக வளர்கிறது. அதன் பாலை அங்குள்ளவர்கள் வெயிலால் வரும் தோல் தடிப்புகளுக்கு வைத்துவந்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த இஞ்ஜெனால் மெபுடேட் என்ற பொருளுக்கு 2012-இல் அமெரிக்கா மருந்து அனுமதியே கொடுத்தது. அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த மருந்து பூசிய இடத்தில் தோல் புற்று அதிகம் வருகிறதோ என்ற சந்தேகம் எழுந்து, 2020-இல் ஐரோப்பாவில் அதை நிறுத்திவிட்டார்கள். சுடும் பால் உண்மையில் சுடுகிறது. ஆனால் எதைச் சுடுகிறோம் என்று தெரியாமல் சுட்டால் மேலே இருப்பது கருகும், கீழே இருப்பது வளரும். பெரியப்பாவின் குதிகாலில் ஆசிட் செய்ததும் இதைத்தான். அடையாளத்தை அழித்தது, நோயை விட்டுவைத்தது.

சுடுவதற்கு முன், செதுக்குவதற்கு முன், ஒரு துண்டு பரிசோதனைக்குப் போக வேண்டும். 'கத்தி பட்டா பரவிடும்' என்று நம் பக்கம் சொல்வார்கள். மெலனோமாவில் இதைப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். பயாப்ஸி எடுத்ததால் ஆயுள் குறையவில்லை. நடப்பது மிகச் சின்ன காரியம். மரத்துப்போக ஒரு லிக்னோகெய்ன் ஊசி. நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டக் கத்தி. சந்தேகத்துக்குரியது சிறிதாக இருந்தால் முழுசாகவே எடுத்துவிடுவார்கள். எடுத்ததை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைக்கிறார்கள்.

அங்கே ஒருவர் ஓர் அளவு எடுக்கிறார். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன அளவு. மேல்தோலின் மணிமணியான அடுக்கிலிருந்து புற்றின் மிக ஆழமான செல் வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர்? மெலனோமாவில் ஒருவரின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் அந்த ஓர் எண்தான் எழுதுகிறது. நெறி கட்டும் முன், ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி நன்றாக இருக்கிறார்கள். நான்கைத் தாண்டினால் கணக்கு சரிகிறது. நெறியும் கட்டியிருந்தால் இன்னும் சரிகிறது. பெரியப்பாவின் தாளில் இருந்த எண் 6.

மச்சங்களைப் பார்க்க ஐந்து அறிகுறிகள் என்று நாம் செய்தித்தாள்களில் படிப்பதெல்லாம் 1985-இல் நியூயார்க்கில் வெள்ளைத் தோலைப் பார்த்து வகுத்த பட்டியலின் வழித்தோன்றல். இரு பாதியும் சமமில்லாத வடிவம், பிசிறடித்த ஓரம், பல நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். மாறிக்கொண்டே இருப்பது என்பதைப் பின்னால் சேர்த்தார்கள். உள்ளங்கால் புற்று ஆரம்பத்தில் இந்த வலையில் சிக்காமல் நழுவிவிடும். காலுக்கென்று 2010-இல் பிரிட்டனில் எளிய விதி ஒன்றைச் சொன்னார்கள். தோல் நிறத்தில் இல்லாத நிறமா, இன்னதென்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லையா, ரத்தம் கசிகிறதா, வைத்தியத்துக்குப் பிறகும் பெரிதாகிறதா, இரண்டு மாதமாகியும் ஆறவில்லையா? இதில் இரண்டுக்கு ஆம் என்றால் தோல் மருத்துவரிடம் போ. பெரியப்பாவுக்கு ஐந்துமே இருந்தன.

நகத்துக்கு இதைவிட எளிய சோதனை இருக்கிறது. இரும்பு விழுந்து நசுங்கிய நகத்தில் ரத்தம் கட்டினால் கறுக்கும். அந்தக் கறுப்பு நகம் வளர வளர முன்னால் நகரும், அடியில் நல்ல நகம் வரும். கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது, கால்நகம் அதில் பாதி. கறுப்பின் அடிவிளிம்பில் ஒரு கோடு கீறிவைத்து இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். நகராமல் நின்று, நகக்கண்ணின் தோலிலும் கறுப்பு வழிந்தால் அது ரத்தக்கட்டு இல்லை. ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்ன அறிகுறி இது. எல்லா விரலிலும் மெல்லிய பழுப்புக் கோடு இருந்தால் பயப்பட வேண்டாம், நம் நிறத்தாருக்கு அது சகஜம். ஒரே விரலில், புதிதாக, அகன்றுகொண்டே போகும் பட்டைதான் கேள்விக்குரியது.

இதையெல்லாம் இனி கணினி பார்த்துச் சொல்லிவிடும் என்கிறார்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,29,450 படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல், 21 தோல் மருத்துவர்களுக்குச் சமமாகப் புற்றை இனம் கண்டது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் 2022-இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எல்லா நிறத் தோலும் கலந்த 656 படங்களை இப்படிப்பட்ட நிரல்களுக்குக் காட்டினார்கள். கறுத்த தோலில் அவை தடுமாறின. பார்த்ததைத்தான் கற்றுக்கொள்ள முடியும். காசிமேட்டுக் கால்களை யாரும் அவற்றுக்குக் காட்டவில்லை.

காட்டுவது எவ்வளவு கடினம் என்று எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நடந்த முகாமில்தான் எனக்குப் புரிந்தது. மீன் விற்கும் ஓர் ஆயா, கையில் வந்த சொறிக்காக வரிசையில் நின்றிருந்தார். இளம் பெண் மருத்துவர் கையைப் பார்த்துவிட்டு, "ஆயா, காலையும் தூக்கி இப்படி வைங்க, அடியப் பாக்கணும்" என்று தன் மடியைக் காட்டினார்.

ஆயா பதறிப்போனார். "அய்ய, உன் மேல காலு நீட்றதா? பட்ச்ச பொண்ணு நீ. பாவம் சேரும்மா."

நானும் அதுவரை இதை யோசித்ததில்லை. பெரியவர் எதிரே கால் நீட்டாதே, சாமி இருக்கும் திசையில் கால் நீட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பெரியப்பா அந்த ஒன்றரை வருடத்தில் எத்தனை முறை வைத்தியர் முன்னால் உட்கார்ந்திருப்பார்? காலைத் தானாக உயர்த்திக் காட்டியிருக்கமாட்டார். தலையைச் சாய்த்து, "ஆணிங்க ஐயா" என்றுதான் சொல்லியிருப்பார்.

மருத்துவர் கேட்கவில்லை. குனிந்து அவரே பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தார். செதில் போனது, கிரீஸ் போனது. முன்பாதத்தில் பட்டாணி அளவில் ஒரு கறுப்பு போகவில்லை. ஒரு சொட்டு ஜெல் வைத்து லென்ஸை அழுத்தி, வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து என்னையும் பார்க்கச் சொன்னார்.

வரிவரியாக மேடுகள். மேட்டின் நடு முதுகில் மணி கோத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள், வியர்வைத் துளைகள். அவற்றுக்கு நடுவே, பள்ளத்துக்குள் மட்டும், ஒன்றுபோல் ஓடும் பழுப்புக் கோடுகள். மேடுகள் சுத்தமாக இருந்தன.

"நல்ல மச்சந்தான் ஆயா. பிளேடு கிளேடு வெக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு இதே கால எனக்குக் காட்டணும்" என்று சீட்டில் பாதத்தின் படம் வரைந்து, மச்சம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் அளவும் தேதியும் எழுதிக் கொடுத்தார். ஆயா சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்தவர், கால் பட்ட மருத்துவரின் மடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.